சால்வை வைத்த இருக்கை

அன்புள்ள மிளகுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்திருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் காரியம், நேற்று ஈரத்தோடு பைக்குள் சுருட்டி வைத்த துண்டை எடுத்துப் பால்கனியில் உதறியது. கந்தக வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. லேபில் எத்தனை வருஷமாகத் தண்ணீரை முகர்ந்து பார்க்கிறேன், அந்த அழுகிய முட்டை வாடை எனக்குப் புதிதா என்ன, ஆனாலும் துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து காபி ஆச்சா என்று அப்பாவின் குரல் கேட்ட பிறகுதான் கொடியில் போட்டேன்.

நேற்று இரவு நீ போனில் கேட்டபோது, ரொம்ப நல்லா இருந்துச்சுடி, வெந்நீர்க் குளம் பிரமாதம் என்றேன். உன் முதல் சம்பளத்தில் எங்கள் கல்யாண நாளுக்கென்று டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறாய், அப்பாவும் பக்கத்தில் இருந்தார், வேறு என்ன சொல்வேன். குளம் பிரமாதம் என்பது பொய் இல்லை. மற்றதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பிளம்பர் நாளை நாளை என்கிறார். அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வாக்கரை வைத்து நடக்கிறாளாம், நடக்கும்போதுகூடப் பேச்சு நிற்கவில்லை என்று மாமா அழாத குறை. உன் அறையில் அப்பாவின் பார்சல் ஆபீசிலிருந்து வந்த காலி அட்டைப் பெட்டிகள் நாலைந்து ஏறி உட்கார்ந்துவிட்டன, உன் புத்தகங்களை மட்டும் நான் என் அலமாரிக்கு மாற்றி வைத்தேன்.

பஸ் பெரிய தபால் நிலையத்துக்கு எதிரிலிருந்து விடியற்காலையில் கிளம்பியது. எங்களுக்கு ஏழாவது வரிசை, அப்பாவுக்கு ஜன்னல். கைடு ஓர் இளைஞன், சிவப்புத் தொப்பி, வாயைத் திறந்தால் மூட மாட்டான் போலிருந்தது. அவன் சொன்ன ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. அவன் தலையை எண்ணுவதில்லையாம். ஒரு தடவை எண்ணிச் சரியாக இருக்கிறது என்று கிளம்பிப் போய்ப் பார்த்தால், வேறு பஸ்ஸில் வந்த ஒருவர் இவர்கள் பஸ்ஸில் ஏறித் தூங்கிக்கொண்டிருந்தாராம், இவர்கள் ஆள் ஒருவர் பின்னால் நின்றுவிட்டாராம். அதனால் ஒவ்வொருவரும் பக்கத்து இருக்கையில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இருக்காங்க என்று சொல்ல வேண்டும். தனக்குத் தானே பதில் சொல்லக் கூடாது. எங்கள் லேபிலும் அப்படித்தான், மாதிரித் தண்ணீரை எடுத்து வருபவர் ஒருவர், பரிசோதிப்பவர் வேறொருவர். நல்ல முறைதான் என்று நினைத்தேன். வழியில் டீ குடிக்க இறங்கி ஏறியதும் அவன் ஏழாவது வரிசை என்று கூப்பிட்டபோது நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்து இருக்காரு என்றேன். அப்பா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கா என்றார். நேரமாகிவிட்டது என்று தொப்பிக்காரன் விதியைச் சுருக்கினான். "புருஷன் பொண்டாட்டியா வந்தவங்கள்ல இனிமே ஒருத்தர் சொன்னாப் போதும், விட்டுட்டா போயிடப் போறீங்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

குளங்கள் மலைச்சரிவில் படி படியாக இறங்குகின்றன. மேலே இருப்பதில் கை வைக்க முடியாத சூடு, கீழே வர வர ஆறுகிறது. கல்லின் ஓரமெல்லாம் வெள்ளையும் மஞ்சளுமாகப் படிவு, நம் வெந்நீர்க் கெண்டியின் அடியில் உப்புப் பிடிக்குமே அதே சங்கதி, ஆனால் இங்கே விரற்கடை உயரத்துக்கு மேல். ஆணும் பெண்ணும் சேர்ந்தே இறங்கலாம் என்று போட்டிருந்ததால்தான் அப்பாவுக்கும் மாற்றுத்துணி எடுத்து வைத்திருந்தேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். காலையாவது நனைங்களேன் என்றேன். "நீ போய்ட்டு வா, நான் இங்கயேதான் இருக்கேன்" என்று மர நிழலில் பெஞ்சு பார்த்து உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டார். எங்கேயோ ஒரு லாரி பழுதாகி நின்றிருக்கிறது, அதிலிருந்த பார்சல்கள் எந்தக் கிடங்கில் இறங்கின என்று விடுமுறை நாளிலும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நான் தனியாக இறங்கினேன். கடைசிக் குளத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தேன். மிளகு, உன்னைப் பெற்ற பிறகு அப்படி என் உடம்பு தளர்ந்ததே இல்லை. தோள்பட்டையில் எத்தனையோ காலமாக எதையோ தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அது இறங்கும்போதுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆவியில் யாருக்குத் தெரியப் போகிறது.

பஸ்ஸுக்குத் திரும்பச் சொல்லித் தொப்பிக்காரன் ஊதிய விசில் கேட்டது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்கு நன்றாகவே கேட்டது. எல்லோரும் எழுந்து போனார்கள். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் வந்து கரையில் நின்று கூப்பிடட்டும் என்று தோன்றியது. சோதிக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை, ஓர் ஆசை, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் கடைத்தெருவுக்குப் போனால் நாலடி நடந்து திரும்பிப் பார்ப்பார், மறுபடி நாலடி, மறுபடி திரும்புவார், நான் என்ன ஆட்டுக்குட்டியா என்று கேலி செய்திருக்கிறேன். அந்தத் திரும்பல் எந்தக் கடைத்தெருவில் நின்றுபோனது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது விசிலும் கேட்டது. பிறகுதான் எழுந்து துணி மாற்றி ஈரத்தலையோடு ஓடி வந்தேன். பெஞ்சில் யாரும் இல்லை. பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

என் கைப்பை, போன், சால்வை எல்லாம் பஸ்ஸில். துண்டு வாடகைக்குக் கொடுக்கும் அம்மாள் என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு தன் போனை நீட்டினாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அப்பாவின் நம்பர் ஒன்றுதான். அடித்தேன், கட் செய்தார். மறுபடி அடித்தேன், மறுபடி கட் செய்தார். தெரியாத நம்பரை அவர் எடுக்க மாட்டார் என்பது உனக்கே தெரியும், அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த அம்மாள் டீ வாங்கிக் கொடுத்து, கவலைப்படாதக்கா, பாதி வழியில தேடிட்டு ஓடி வருவாரு பாரு என்றாள். நானும் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ ஆறிப் போயிற்று. கடைசியில், எங்கள் பஸ் அடுத்துப் போவதாக இருந்த சிதிலங்களைப் பார்க்கப் போகும் இன்னொரு வேனில் அவள்தான் டிரைவரிடம் சொல்லி என்னை ஏற்றிவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். வழியெல்லாம் அவர் என்ன பதறுகிறாரோ, பிரஷர் ஏறிவிடுமோ என்றுதான் எனக்குக் கவலை. என் மேல் தப்பு, விசில் கேட்டும் உட்கார்ந்திருந்தேன், முதலில் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தேன்.

அது ஒரு பழைய ஊர். கூரை இல்லாத வீடுகள், இடுப்பளவுச் சுவர்கள், தேய்ந்த வாசற்படிகள். தூரத்தில் சிவப்புத் தொப்பி தெரிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் அப்பா ஒரு சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பாமலே கையை நீட்டினார். "மாத்திரை குடு, சாப்பிட்டாச்சு" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. கோபம் இல்லை, பதற்றம் இல்லை, தேடல் இல்லை. நான் இல்லாமல் போனதே அவருக்குத் தெரியாது. மாத்திரை பஸ்ஸில் இருக்கும் கைப்பையில் இருக்கிறது என்றேன், சரி அப்புறம் போட்டுக்கறேன் என்றார். தயார் செய்து வைத்த மன்னிப்புக்கு அங்கே வேலையே இல்லை. வேன் டிரைவர் வந்து, உங்க பஸ்ல வந்த அம்மாவ விட்டுட்டு வந்துட்டீங்களே என்று தொப்பிக்காரனிடம் சத்தம் போட்ட பிறகுதான் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. தொப்பிக்காரன் முகம் வெளுத்து, சார், நீங்கதானே சார் ஏழாவது வரிசைக்கு இருக்கான்னு சொன்னீங்க என்றான். அப்பா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், நிஜமாகவே குழம்பிப் போய்ச் சொன்னார்: "சால்வை இருந்துச்சு. அதான் நீ இருக்கேன்னு நினைச்சேன்." இறங்கியதும் நான் பெண்களோடு பின்னால் வருகிறேன் என்று நினைத்தாராம். ஐந்தாவது வரிசைத் தையல்காரம்மா, "பார்சல் ஆபீஸ்காரரு ஊரு சாமானையெல்லாம் பத்திரமா சேத்துடுவாரு, சொந்தப் பார்சல மட்டும் கோட்ட விட்டுட்டாரு" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். என் வாயும் சிரித்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சங்கடத்தை மறைக்கத் தொப்பிக்காரன் அவசரமாகக் கதைக்குத் திரும்பினான். யாரோ, இந்த ஊர் எப்படி அழிந்தது, சண்டையா வெள்ளமா என்று கேட்டார்கள். "சண்டையும் இல்ல, வெள்ளமும் இல்ல. ஊத்து தள்ளிப் போயிடுச்சு. கொஞ்ச காலம் குடத்த எடுத்துக்கிட்டு நடந்து பாத்தாங்க. தூரம் கூடிக்கிட்டே போச்சு. ஒரு நாள் கதவச் சாத்திட்டுக் கிளம்பிட்டாங்க" என்றான். அவன் சொல்வது உண்மையோ, சும்மா அளந்தானோ, தெரியாது. நான் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். இது சமையலறையாக இருக்கும், இது படுக்கும் அறை. படுக்கும் அறையில் வெயில் அடித்தது. துரத்தப்பட்டு ஓடியவர்களுக்காவது யாரையாவது திட்டலாம். இவர்கள் யாரைத் திட்டியிருப்பார்கள்?

திரும்பும்போது ஏழாவது வரிசை என்று கூப்பிட்டதும் அப்பா என் தோளைத் தட்டி, இருக்கா இருக்கா, தொட்டுப் பாத்துட்டேன் என்று உரக்கச் சொன்னார். மறுபடி ஒரே சிரிப்பு. அப்புறம் தூங்கிப் போனார். தலை என் தோளில் சாய்ந்தது, நான் நகர்த்தவில்லை. உன் அப்பா கெட்டவர் இல்லை, மிளகு. அடித்ததில்லை, குடித்ததில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். வீட்டிலும் என் சால்வை கிடக்கிறது, காபி மேஜைக்கு வருகிறது, மாத்திரை கைக்கு வருகிறது, அதனால் நான் இருக்கிறேன். எத்தனை காலமாக இப்படி என்று நேற்று இரவு முழுக்க நினைத்துப் பார்த்தேன், தொடக்கம் கிடைக்கவில்லை. நானாவது அவரைப் பார்க்கிறேனா, அல்லது மாத்திரைக்கு நீளும் கையைத்தான் பார்க்கிறேனா என்றும் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பதில் சொல்லப் பயமாக இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, நான் அனுப்பிய டிக்கெட்டால்தானே என்று நீ மருகாதே. உன்னால் வந்தது எதுவும் இல்லை. நீ அனுப்பாவிட்டாலும் ஊற்று தள்ளித்தான் போயிருக்கும். உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், உன்னோடு தங்கியிருக்கும் அந்தப் பெண் வேலையிலிருந்து வந்து நான் வந்துட்டேன் என்று சொன்னால், செய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி அவளைப் பார். நாளைக்கு உன்னோடு யார் வந்து இருந்தாலும் அப்படியே பார், உன்னையும் அப்படிப் பார்க்கச் சொல். ஈரத்தலையோடு தூங்காதே, காலையில் வெறும் காபியோடு ஓடாதே.

இன்னும் ஒன்று. எங்கள் லேப் புதிதாக ஓர் இடத்தில் கிளை திறக்கிறது, பெரிய ஏரிக்குப் பக்கத்தில், இங்கிருந்து ஓர் இரவு ரயில் பயணம். போன மாதம் மேலாளர், நீங்க போறீங்களா மேடம் என்று கேட்டார். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அந்த நிமிஷமே சொல்லிவிட்டேன், வீட்டில் கேட்கக்கூட இல்லை. நாளைக் காலை அவர் அறைக்குப் போய், நான் போகிறேன் என்று சொல்லப் போகிறேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, இந்தக் காகிதத்துக்குத்தான் முதலில் தெரியும். இதில் எனக்குச் சந்தோஷம் இருக்கிறது என்று நினைத்துவிடாதே. அங்கே ஓர் அறை, ஒரு ஜன்னல், வரிசையாகப் பாட்டில்களில் தண்ணீர், அங்கேயும் நான் இருக்கிறேன் என்று சொல்லப் பக்கத்தில் யாரும் இருக்கப் போவதில்லை. ஆனால் அங்கே இருக்கை காலியாக இருந்தால் காலி என்றாவது தெரியும்.

எங்கிருந்தாலும் நீ நல்ல மனிதர்கள் நடுவில், நோய்நொடி இல்லாமல், நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். இந்தக் கடிதம் வந்ததும் அவசரப்பட்டு அப்பாவுக்குப் போன் போட்டுவிடாதே. நானே சொல்ல வேண்டும். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கும் வரை எதிரில் நின்று சொல்வேன். சால்வையையும் எடுத்துக்கொண்டுதான் போவேன்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
அம்மா