ஜெனரேட்டரின் சுதி

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

காலையில் கரன்ட் போனது. எதிர்க் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். டீசல் வாடையோடு அந்த உறுமல் வந்ததும், பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பில் நடந்த வரவேற்பில் நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து காதைச் சாய்த்தது கண்ணில் நின்றது.

நாம் இரண்டே பேர். நான் பாடுவேன், மற்றதெல்லாம் நீ. இரண்டு கீபோர்டு, தோளில் பேஸ் கிதார், காலடியில் தாளத்துக்கு ஒரு பேட். நாம் பாடும் அமெரிக்க சோல் இசையைப் பற்றி, சோல் என்றால் என்ன பாட்டு என்று கேட்ட மாப்பிள்ளையின் மாமாவிடம், "அழுதுக்கிட்டே ஆடுறதுங்க" என்றாய்.

"கல்யாண வீட்ல எதுக்குப்பா அழுகை?"

"பொண்ணு வீட்டுக்காரங்களைக் கேளுங்க மாமா."

அன்று ஜெனரேட்டரின் உறுமல் ஸ்பீக்கருக்குள்ளும் புகுந்துவிட்டது. கீபோர்டின் எந்தக் கட்டையோடும் சேராத சத்தம். பாட மாட்டேன் என்றேன்.

"மாப்ள, அது உன்னைவிடச் சுதி பிசகாம நிக்குது. நாமதான் இறங்கிப் போகணும்."

"ஜெனரேட்டருக்கு ஒத்துப் பாடவா நான் சங்கீதம் படிச்சேன்?"

"அப்ப நிறுத்தச் சொல்றேன். இருட்டுல பாடு."

கீபோர்டுகளின் சுதியைக் கொஞ்சம் இறக்கினாய். கிதார் கம்பிகளைத் தளர்த்தினாய். அந்த உறுமலே நமக்குத் தம்புரா ஆனது. அன்று பாடியதைப் பதிவும் செய்தாய். அதன் பிறகு எந்த ஊர் மேடையானாலும் முதலில் ஜெனரேட்டருக்குச் சுதி சேர்ப்போம், அப்புறம்தான் பாட்டு.

நேற்று உன் தம்பி அந்தப் பதிவை எனக்கு அனுப்பிவிட்டுப் பேசினான். "இரைச்சலை எடுத்துட்டோம்ண்ணே. சுதியையும் சரிபண்ணிட்டோம். ஞாயித்துக்கிழமை தஞ்சாவூர்ல எங்கண்ணன் நினைவா வெளியிடுறோம். நீங்க அதுகூடவே பாடணும்."

கேட்டேன். உறுமல் இல்லை. உன் விரல்கள் எதற்காக இறங்கி நின்றனவோ, அது இல்லை. என் குரலை மேலே இழுத்துவிட்டிருக்கிறார்கள். வேறு யாரோ பாடுவதுபோல் இருக்கிறது. எதைச் சரிசெய்தார்கள்? நாம் தப்பாகவா வாசித்தோம்? ஒருநாளும் உன் கீபோர்டு ஸ்டாண்டைத் தூக்காதவன், நீ கேட்டுக் கேட்டுச் சேர்த்த சுதிக்குத் திருத்தம் போடுகிறான்.

உன் மேலும் ஆத்திரம்தான். பதிவுகளை என்னிடம் தராமல் அவனிடம் விட்டுப் போனாய். உனக்கு உடம்பு முடியவில்லை என்பதைக்கூட மற்றவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மேடையிலாவது என் பெயரைச் சொன்னாயா? கேட்டால், "பேரு எதுக்கு மாப்ள? குரல் தெரியாதா?" என்பாய்.

நீ போன பிறகு சிலர் கூப்பிட்டார்கள். பாடிப் பார்த்தேன். எந்தக் கீபோர்டோடும் சேரவில்லை. அந்த ஜெனரேட்டரின் இடத்தில்தான் தொண்டை போய் உட்காருகிறது. அதை இனி யாரும் சரிபண்ண வேண்டாம்.

உறுமலோடு இருக்கும் பதிவைப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை வருவேன். இல்லையென்றால் என் நாற்காலி காலியாகவே இருக்கட்டும். இதை உன் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். உன் தம்பி பிரித்துப் படிக்கட்டும். கீழே பெயர் போடப்போவதில்லை.

குரல் தெரிகிறதா, பார்க்கலாம்.