எரியாத சினகாக்

அக். 14, செவ்வாய்

தூறல். இன்று ரூத்திடம் சொல்லாமல் விட்டது: கடிதத்தின் நான்காம் பத்தி.

பக்கத்து வீட்டு ரூத்துக்கு எழுபத்தாறு வயது. ஜெர்மன் தெரியாது. அவர் அப்பா அந்த மொழியை வீட்டுக்குள் விடவில்லை. அதனால் அங்கிருந்து வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது நான். அப்பா பிறந்த ஜெர்மன் கிராமத்தில், சினகாக் என்ற யூதர் தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் அடுத்த மாதம் நினைவுக்கல் திறப்பு. ரூத் பேசவேண்டும். பேச்சின் முதல் வரி: "என் தந்தை தொழுத இடம் எரிந்து சாம்பலானது." அப்பா சொன்ன கதை.

நான்காம் பத்தி: 1938 நவம்பரில், நாசிகள் சினகாக்குகளை எரித்த இரவில், இது எரியவில்லை. இரு பக்கமும் வைக்கோல் கொட்டில்கள், தீ பரவும் என்ற பயம். உள்ளே மட்டும் கோடரியால் நொறுக்கினார்கள், ஊர்க்காரர்களே. இந்தக் கடிதத்தை எழுதிய ஊர்க்காரி ஹெல்காவின் அப்பா கட்டடத்தை வாங்கித் தானியம் வைத்தார். "அந்த இரவு அப்பா எங்கே இருந்தார் என்று நான் கேட்டதில்லை" என்கிறார் ஹெல்கா. பிற்காலத்தில் இடித்துக் கார் நிறுத்துமிடம்.

இன்னும் உண்டு. ஹெல்கா சிறுமியாக இருந்தபோது லண்டனிலிருந்து ஒருவர் வந்து கட்டடத்தின் சாவி கேட்டார். பெண்கள் அமரும் மேல்மாடியில் வைக்கோல். பத்து நிமிடம் நின்றார். நன்றி சொல்லிப் போனார்.

ரூத்தின் அப்பா.

வாங்க வேண்டியது: பால். அம்மாவின் கண் மருந்து.

அக். 15

அம்மாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டே, "அந்த மனிசிக்கு இந்த வயசில இது என்னத்துக்கு? தேப்பன் சொன்னதோட இருக்கட்டும்."

ஊரார் முன்னால் பிழையாகச் சொல்லப்போகிறார், அவர்களுக்கு உண்மை தெரியும் என்றேன்.

"தெரிஞ்சவை வாய் திறக்காயினம்."

அதுதான் பிரச்சினை. எரிந்தது என்றால் யாரோ வந்து கொளுத்திவிட்டுப் போனது போல. கோடரி என்றால் பக்கத்து வீட்டுக் கோடரி.

எங்கள் அப்பாவும் ஊரில் விட்டுவந்த வீடு போரில் ஷெல் விழுந்து போய்விட்டது என்றே சொல்வார். நான் அந்த வீட்டின் இன்றைய படத்தைத் தேடிப் பார்த்ததில்லை.

அக். 17

சொன்னேன். ரூத்தின் சமையலறை, பத்தி முழுவதும், எதையும் மாற்றாமல்.

தேநீர் ஆறிப்போனது. "அந்தப் பயணத்தை அப்பா பிராங்ஃபர்ட்டில் வியாபாரம் என்றார்," ரூத். "எனக்கு ஒரு மரக்குதிரை வாங்கிவந்தார்."

பிறகு, செவ்வாய்க்கிழமையே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

"பொய் சொல்ல உனக்கு வராது. அந்த இடத்தில் இருமினாய்."

பேச்சுத் தாளைக் கிழிக்கவில்லை. மடித்து ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தார். போவாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

நவ. 12

வெயில், ஆனால் குளிர். எனக்குத் தடிமனும் சளியும் இன்னும் விடவில்லை.

ரூத் போய் வந்துவிட்டார். மேடையில் பேசவில்லை. கடிதத்தை ஹெல்காவிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். ஹெல்கா வாசித்தார். கைதட்டல் இல்லை.

எல்லோரும் போனபின், சினகாக்கின் வாசல் எங்கே இருந்தது என்று ரூத் கேட்டார். ஹெல்கா காட்டிய இடத்தில் ஒரு கார். சொந்தக்காரர் வந்து எடுக்கும்வரை இருவரும் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். கார் போனதும் ரூத் அங்கே போய் நின்றார்.