கொத்சு டப்பாவின் ரப்பர் பேண்ட்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் பசை காயவில்லை. இதயத்துக்குப் போகும் ஒயர் பேஸ்மேக்கரோடு சேரும் இடத்தை சிலிக்கோன் பசையால் அடைப்பது என் வேலை. உடம்பின் ஈரம் ஒரு சொட்டு உள்ளே புகுந்தாலும் போச்சு. நேற்று அடைத்த நான்கும் தொட்டால் அல்வா மாதிரி பிசுபிசுக்கின்றன. நல்லவேளை, எல்லாம் சோதனைத் துண்டுகள்.

சூப்பர்வைசர் அந்தோணிசாமி சார் என் தலையையே முறைத்தார். "வெள்ளிக்கிழம எண்ணெ தேச்சியாம்மா?"

தேய்த்தேன். அதுக்கு? தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், கையில் உறை – எண்ணெய் எந்த வழியாக வரும்? பசையைக் கலப்பது மலர்க்கொடி, அவளைக் கேளுங்கள் என்று கத்திவிட்டேன்.

பிப்ரவரி 4

மலர்க்கொடி பேசவில்லை. தினம் சிதம்பரத்திலிருந்து வரும்போது எனக்கென்று கத்தரிக்காய் கொத்சு கொண்டுவருவாள். இன்று இல்லை. போகட்டும். என் இட்லிக்குச் சர்க்கரை இருக்கிறது.

பிப்ரவரி 5

சர்க்கரை நன்றாகவே இல்லை.

இன்றும் பிசுபிசு. நாளையும் காயாவிட்டால் மலர்க்கொடியைப் பேக்கிங்குக்குத் தூக்கிவிடுவார்களாம். இரண்டு வருஷம் பழகிய வேலை அவளுக்கு. நான் உண்மையைத்தானே சொன்னேன்?

பிப்ரவரி 6, வெள்ளி

ஐயோ. நான்தான். நானேதான்.

ஒயர்கள் சிக்காமலிருக்க நாலையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போடுவேன். லென்ஸில் பார்த்தால், ரப்பர் பட்ட பக்கம் மட்டும் பிசுபிசு, மறுபக்கம் கெட்டி. ரப்பரில் கந்தகம் இருக்கும், அது பட்டால் இந்தப் பசை காயாது – பயிற்சியில் சொன்னதுதான். அன்று தூங்கினேனா? அந்த ரப்பர் வேறு, போன வாரம் மலர்க்கொடியின் கொத்சு டப்பாவிலிருந்து உருவியது!

குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் பேக்கிங்குக்குப் போய்விடுவாள். மனசு கேட்கவில்லை. சாரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"வாய் மட்டும் இவ்ளோ ஜாஸ்தி. கண்ண எங்கம்மா வச்சிருந்த?" என்றார். ஒரு வாரம் எனக்குப் பசைத் தட்டு கழுவும் வேலை.

மலர்க்கொடியிடம் மன்னிப்புக் கேட்டேன். "என் கொத்ச துன்னுட்டு, என் ரப்பரயும் சுட்டுட்டு, என்னையே மாட்டிவுட்டியேடி!" சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

மலர்க்கொடி கலந்த பசையில் நேற்று அடைத்த நான்கும் கல்லாகக் காய்ந்திருந்தன. அடைத்தது வேறொருத்தி. நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒரு டப்பாவை என் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். மூடியைச் சுற்றிப் பூக்கட்டும் நூல். ஏழு முடிச்சு! பல்லால் கடித்துப் பிரிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. கொத்சை நின்றுகொண்டே வழித்து நக்கினேன்.