அரக்கில் பொதிந்த மருந்து

12.8.68, திங்கள் இரவு

இன்று காலை பெற்ற மகனே என் நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்தினான். மருமகள் கால்களைப் பிடித்தாள். கோவிலூர்க் கம்பவுண்டர் தொடையில் ஊசியை இறக்கினான். அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் இன்னும் இரத்த வாடை அடிக்கிறது.

சர்க்கரை நோய்க்குக் கொடுத்த இன்சுலினை ஆடிப்பெருக்கிலிருந்து நான் குத்திக்கொள்ளவில்லை. மாவில் பிசைந்து உருட்டி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பூசி விழுங்கி வந்தேன். அதை இன்று கண்டுபிடித்துவிட்டார்கள். பொற்கொல்லன் நான் நகைக்குள் அடைக்கிற அதே அரக்குதான். எலுமிச்சைச் சாற்றில் அது கரைவதில்லை, பொன் பற்றவைக்கிற வெங்காரம் போட்ட வெந்நீரில் கரைகிறது. வயிறு புளிப்பு, குடல் காரம் என்று படித்திருக்கிறேன். மருந்து வயிற்றைத் தாண்டினால் போதும்.

"தாண்டட்டும் பெரியவரே. ஆட்டுக்கறியச் செரிக்கிற கொடலு இத மட்டும் விட்டு வைக்குமாக்கும்?" என்றான் கம்பவுண்டர், கையைத் துடைத்துக்கொண்டே.

"இன்னும் ரெண்டு நாள் விட்டா செத்துப் போயிருவீகப்பா," என்றான் மகன்.

"செத்தா எரிச்சிரு. குத்தாத," என்றேன்.

சாயங்காலம் சிறுநீரைச் சோதனை மருந்தில் விட்டுக் காய்ச்சினேன். இத்தனை நாளும் சர்க்கரை மிகுந்து செங்கல் நிறம் காட்டியது, இன்று குறைந்து பச்சையாகிவிட்டது. யாருக்கும் காட்டாமல் கொட்டினேன்.

நாளை முதல் ஊசியை நானே போட்டுக்கொள்வேன். எவன் கையும் என் மேல் படக்கூடாது. கூடவே அரக்கு உருண்டையும் ஒன்று விழுங்குவேன். அப்புறம் பச்சை வந்தால், அது எதனால் வந்ததென்று எவன் சொல்கிறான், பார்க்கிறேன்.