கோயில் படியில் உன் பூட்ஸ்

அக்கா,

பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் பூட்ஸ் போட்டுத்தான் வர வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்கள். ஆம்பூர் பஜாரில் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். காகிதத்தைப் பிரித்ததும் ஆவாரம்பட்டையில் ஊறிய தோலின் வாசனையும், அதன்மேல் தடவிய விளக்கெண்ணெயின் வாசனையும் ஒன்றாக எழுந்தன. தோல் பதனிடும் ஷாப்புக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இவை புதிய வாசனைகள் இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்துவிட்டால் அது நீதான். சனிக்கிழமை சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, உன் பூட்ஸுக்கும் வார்களுக்கும் எண்ணெய் தடவுவாயே, அந்த வாசனை.

இந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நான் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போன அன்று ஒன்று நடந்தது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். பழையதைச் சொல்லாமல் அதைச் சொல்லவும் முடியாது.

சின்ன வயதில் வந்த ஜுரம் உன் இடது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போனது. வீட்டுக்குள் கையை ஊன்றித் தேய்த்துக்கொண்டு போவாய். வெளியே போனால் அப்பா தூக்கிப் போவார். பெரிய பெண்ணான பிறகு நீ அதற்கும் ஒப்பவில்லை. "ஆம்பளைங்க நடுவுல மூட்ட மாதிரி தூக்கினு போறாரு. நான் வரல" என்று சொல்லிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கோயிலுக்குக் கிளம்பும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய்.

அப்புறம்தான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட கால்களை நிமிர்த்தி நடக்கவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் அப்போது வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் உன்னைப் பார்க்க வருவேன். மடங்கி இறுகிப்போன முழங்காலுக்குச் சுடுதுணி ஒத்தடம் கொடுத்து, மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். நீ புடவைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டிருப்பாய். சத்தம் வராது, கழுத்து நரம்பு மட்டும் புடைத்து நிற்கும். பிறகு இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே நிற்கக் கற்றுக்கொண்டாய். கால் நடுங்கும்போது பக்கத்தில் நிற்கும் நர்ஸைத் திட்டுவாய். அவள் சிரிப்பாள். நான் கதவோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவேன்.

எதற்காக இத்தனை வலி என்று ஒரு நாள் கேட்டேன். "கோயில்ல இராப்போஜனம் வாங்கணும்டி, அப்பமும் ரசமும். யாரும் தூக்காம, எங்கால்லியே முன்னால போயி" என்றாய். கல்யாணம், காசு என்று வேறெதையும் நீ கேட்டதில்லை. கேட்டது அது ஒன்றுதான்.

அந்த ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா உனக்காக ஒரு இரும்புக் காலைச் செய்ய வைத்தார். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் முழங்காலிலும் தோல் வார், அடியில் ஒரு பூட்ஸ். கம்பிகளின் நுனி பூட்ஸின் குதிகாலில் அறையப்பட்டிருந்தது. அந்தத் தோலை அப்பாதான் கொண்டுவந்து கொடுத்தார். அவரே சுண்ணாம்புக் குழியில் முக்கி, மயிர் வழித்து, பட்டைத் தண்ணீரில் ஊறவைத்த தோல். போட்டுப் பார்த்த முதல் நாளே நீ டாக்டரம்மாவிடம், வீட்டுக்குள்ளோ கோயிலுக்குள்ளோ போகும்போது பூட்ஸை மட்டும் கழற்ற வருமா என்று கேட்டாய். அவர் நல்லவர்தான், அக்கா. உன் காலை மடியில் வைத்து அளந்தவர். ஆனால் அந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை. "ஏன் கழற்ற வேணும்? கழற்றினால் இரும்பு எங்கே நிற்கும்?" என்றார். வீட்டுக்குள்ளும் பூட்ஸோடு நடக்கிறவர் அவர்.

நீ ஊருக்கு வந்த அன்று தெருவே வெளியில் வந்து நின்றது. டக், டக் என்று சத்தம். "இன்னாடி இது, குதிர வருதுன்னு நெனச்சேன்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "குதிரதான். லாடம் அடிச்சிருக்காங்க, குனிஞ்சு பாரு" என்றாய். வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாய். அப்பா ஈரத்துணியால் பூட்ஸின் அடியைத் துடைத்தார். "நாள் பூரா தோல்ல கெடக்கறவன் நானு. எங்கூட்டுக்குள்ள தோலு வந்தா இன்னா? வா" என்றார். அன்றிலிருந்து அறையின் குறுக்கே உன் கால் நீண்டு கிடக்கும். இரும்பு மடங்காது. நாங்கள் தாண்டித் தாண்டிப் போவோம்.

அந்த ஈஸ்டருக்கு நீ கோயிலுக்குப் போவதென்று முடிவாயிற்று. முழங்கால் போட முடியாது, நின்றபடியே வாங்கிக்கொள்ளலாம் என்று போதகர் ஐயர் ஒப்புக்கொண்டார். பூட்ஸைப் பற்றி யாரும் எதுவும் நினைக்கவில்லை. டாக்டரம்மாவும் உன்னைப் பார்க்கவென்றே வேலூரிலிருந்து வந்திருந்தார்.

தெருமுனையிலிருந்து படிவரைக்கும் நீயே நடந்தாய். வெள்ளைப் புடவை. முகமெல்லாம் வியர்வை. படியேறினாய். வாசலில் சபை மூப்பர் நின்றுகொண்டிருந்தார். ஷாப்பில் அப்பாவுக்கு மேலே மேஸ்திரியும் அவர்தான்.

"செருப்ப வெளிய வுட்டுட்டு வாம்மா" என்றார்.

"செருப்பு இல்லீங்க. எங்காலு."

"காலா இருந்தாலும் தோலு தோலுதானேம்மா. இது ஆண்டவரு வூடு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஈரம் பட்டால் வழுக்கும் என்று சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவர் விரல் நகங்களில்கூட பட்டைக் கறை இருந்தது. உள்ளே முன்வரிசை நாற்காலியில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். உன்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வா வா என்று கையசைத்தார். அவர் காலில் பழுப்பு நிறப் பூட்ஸ். நீ அதைப் பார்த்தாய். மூப்பரும் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா குனிந்து உன்னைத் தூக்கக் கையை நீட்டினார். "தொடாதப்பா" என்றாய். சுவரைப் பிடித்தபடி மெதுவாக இறங்கி, படியிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் நடந்தன. கடைசியில் போதகர் அப்பத்தையும் பாத்திரத்தையும் வாசலுக்கே கொண்டுவந்து உன் முன்னால் குனிந்தார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "வாசல்ல வந்து குடுக்கறது பிச்சைங்க ஐயரே" என்றாய். அவர் பாத்திரத்தோடு உள்ளே போனார்.

ஆராதனை முடிந்ததும் டாக்டரம்மா உன்னை அதே படியில் நிற்கவைத்துப் படம் பிடித்தார். நடந்தது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஊனமாயிருந்த பெண் இப்போது கோயிலுக்கு நடந்தே போகிறாள் என்று அந்தப் படம் அவர்கள் நாட்டுப் பத்திரிகையில் வந்ததாம். படத்தில் உனக்குப் பின்னால் கதவு திறந்துதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நீ போகாத இடம் இல்லை. பஜாருக்குப் போனாய், ரயிலடிக்குப் போனாய், அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஷாப்புக்குப் போனாய். அந்த ஒரு வாசலை மட்டும் நீ மிதிக்கவில்லை. நான் பட்டணத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது விஷ ஜுரம் உன்னைக் கொண்டுபோயிற்று. நான் வந்து சேர்ந்தபோது பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அப்பா உன் காலில் இரும்பைப் பூட்டி, வாரை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினார். யாரும் தடுக்கவில்லை. மூப்பர்தான் பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தார். அன்றைக்குத் தோலோடும் இரும்போடும் நீ கோயிலுக்குள் நடுவழியாக முன்னால்வரை போனாய். நீ ஆசைப்படாத விதமாக, நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இனி நான் சொல்ல வந்தது. புதுப் பூட்ஸோடு போன அன்று, படியில் குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். மூப்பருக்கு வயதாகிவிட்டது. இன்னும் அந்த வாசலில்தான் நிற்கிறார். "இருக்கட்டும்மா, நீ படிச்ச பொண்ணு, டீச்சரு. இப்பல்லாம் படிச்சவங்க பூட்ஸோடதான் வர்றாங்க. அப்படியே வா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். உன்னைத் தடுத்தது அவருக்கு ஞாபகமே இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

நீயாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய். உன் கால் எனக்கு வராத மாதிரியே உன் வாயும் எனக்கு வரவில்லை. அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆராதனை முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். பூட்ஸைக் கழற்றுவதுமில்லை, உள்ளே போவதுமில்லை.

போன வாரம் மூப்பர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அந்தப் பொண்ணுக்குக் கூச்சம் ஜாஸ்தி. அதான் வெளிய உக்காந்துக்குது."

அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். நான் படியின் ஓரமாக ஒதுங்கித்தான் உட்காருகிறேன் அக்கா. உன் கால் மடங்காதே, நீட்டிக்கொள்ள இடம் வேண்டும்.