காலி என்று எழுத முடியாத இருக்கை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இரண்டு கை இரண்டு காலோடு நன்றாகவே இருக்கிறோம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது நீ பதற வேண்டாம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ மீட்டிங் என்பாய், நானும் ரோஷத்தில் சரி என்று வைத்துவிடுவேன். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது பார்.

போன மாதம் காரில் ஒரு சின்ன உரசல் என்று சொன்னேனே, அது உரசல் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒரு ஓட்டலில் தண்ணீர் புகுந்து நனைந்த நாற்காலிகளை விலை பேசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம், அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். முன்னால் போன லாரி திடீரென்று நின்றது, நாங்கள் அதன் பின்பக்கத்தில் போய்ச் செருகிக்கொண்டோம். என்ஜின் என் காலடி வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு முட்டி வீங்கியது, அப்பாவுக்குத் தோள் எலும்பில் விரிசல், அதோடு தப்பித்தோம். ஆனால் ஆஸ்பத்திரியில் அப்பா கண்ணைத் திறந்ததும் என்னைத் தேடவில்லை. "பின்னாடி இருந்தவ இறங்கிட்டாளா?" என்றுதான் கேட்டார். மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். தலையில் ஒரு கீறல்கூட இல்லை என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். இன்றைக்குவரை மாத்திரை நேரம் மறக்கவில்லை, தேக்கு விலை மறக்கவில்லை, என்னோடு சண்டை போடுவதையும் மறக்கவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவே இல்லை, கேட்காமல் இருப்பதுதான் எனக்கு என்னமோ போல இருக்கிறது.

வண்டி மொத்த சேதம், ரிப்பேருக்கு லாயக்கில்லை என்று இன்சூரன்ஸில் எழுதிவிட்டார்கள். காரை அவர்களிடம் விட்டுவிட்டு முழுத் தொகையை வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கார் நமக்கே, தொகை பாதிக்கும் கீழே. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். நம் பிழைப்பே அவர்கள் கைகழுவிய சாமானை வாங்கித் தேய்த்துப் பூசி விற்பதுதான், அதனால் எல்லாரும் நான் காரை விடமாட்டேன் என்று நினைத்தார்கள். சாமான் தெரிந்தவள் என்பதால்தான் சொல்கிறேன், அதில் ஒன்றும் மிச்சமில்லை. அடிச்சட்டமே வளைந்துவிட்டது. வேறு யாராவது வந்து யோசனை கேட்டிருந்தால், பேசாமல் பணத்தை வாங்கிக்கொண்டு போ என்று விரட்டியிருப்பேன். நானும் அந்த முடிவில்தான் இருந்தேன், கடைசி மதிப்பு போட இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிற வரைக்கும்.

அவரைப் பதினைந்து வருஷமாகத் தெரியும், நம் ஷெட்டுக்கு வரும் எரிந்த மேசைகளை எல்லாம் மதிப்பு போட்டவர், சிரிக்கத் தெரியாத மனிதர், அதனாலேயே நம்பலாம். காரைச் சுற்றி வந்து பின் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "பின்னாடி உக்காந்திருந்தவங்க எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்க மேடம்?" என்றார். யாரும் உட்காரவில்லை என்றேன். கூப்பிட்டுக் காட்டினார். இடது பக்க இருக்கையின் பெல்ட் பூட்டியபடியே இறுகிக் கிடந்தது, வார் வளையத்தில் உரசிப் பளபளப்பாகி, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. வெறும் இருக்கையில் மாட்டிய பெல்ட் இப்படி ஆகாதாம், ஓர் ஆளின் பாரத்தைத் தாங்கின பெல்ட்தான் இப்படி இழுபடுமாம். பூட்டைத் திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை. நான் சொன்னதை ஒரு வரியிலும் தான் பார்த்ததை அடுத்த வரியிலும் எழுதிக்கொண்டு, நான் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்தப் பெல்ட் ஏன் பூட்டியிருந்தது என்று உனக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. ஆறு வருஷம் முன்னால் உன்னை விமானத்துக்கு ஏற்றிவிட்டு வந்தாரே அப்பா, நீ எப்போதும் உட்காரும் அந்தப் பின் இருக்கையில் பெல்ட் அவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் இழுத்து மாட்டியிருக்கிறார். அன்றிலிருந்து வண்டி எடுக்கும்போதெல்லாம் முதலில் அதை மாட்டுவார், அப்புறம்தான் ஸ்டியரிங்கில் கை வைப்பார். நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன், ஆள் இல்லாத சீட்டுக்குக் காவல் எதற்கு, டிக்கெட் போடுவதுதானே பாக்கி என்று. கேட்டுக்கொண்டே வண்டியை எடுப்பார். நானும் அங்கே மூட்டை வைத்ததில்லை, பை வைத்ததில்லை. சொல்லிக்கொள்ளாமலே அப்படி ஒரு பழக்கம் எங்களுக்குள் வந்துவிட்டது.

சரி, காரை அனுப்புவதற்கு முன்னால் நம் வழக்கப்படி சோதிக்க வேண்டுமே, ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினோம். நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. தொழில் தொடங்கின புதிதில் நான் சரியாகப் பார்க்காமல் விற்ற ஒரு பீரோவின் உள்ளறையில், செத்துப்போன பிள்ளையின் முதல் சட்டை இருந்தது என்று ஒரு பெண் மூன்று மாதம் கழித்துத் தேடிக்கொண்டு வந்தாள், அதற்குள் பீரோ எங்கேயோ போய்விட்டது. அன்றிலிருந்து எந்தச் சாமானும் ஒவ்வொரு இழுப்பறையிலும் கைவிட்டுத் துழாவி, காலி என்று உரக்கச் சொல்லி, சாக்பீஸால் எழுதாமல் நம் வாசலைத் தாண்டாது. உள்ளே ஏதாவது இருந்தால் காலி இல்லை என்று எழுதி ஓரமாக வைத்துவிடுவோம், சொந்தக்காரர் வருகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. இருபது வருஷமாகச் சாக்பீஸ் பிடிப்பவர் நம் தச்சர்தான், வாய் ஓயாமல் பேசுவதால் நீ ரேடியோ என்று பெயர் வைத்தாயே, அவர்தான். முன் இருக்கை காலி என்றார், எழுதினார். டிக்கி காலி என்றார், எழுதினார். பின்பக்கம் தலையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். "நீங்களே எழுதிக்கங்கம்மா" என்று சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் குழாயடியில் முகம் கழுவினார். அன்று முழுக்க ரேடியோ பாடவில்லை.

நான் எழுதினேன். கதவின் உள்பக்கம், பெரிய எழுத்தில். மறுநாள் காலையில் பார்த்தால் முன்பக்கத்து எழுத்து இருக்கிறது, டிக்கி எழுத்து இருக்கிறது, பின் கதவில் எழுத்து இல்லை. அப்பாவின் வேலை என்று நினைத்து ஷெட்டைப் பூட்டி இரண்டு சாவியையும் என் இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி எழுதினேன், மறுநாளும் இல்லை. மூன்றாவது தடவை மரத்துக்குக் குறி போடும் மெழுகுக் குச்சியால் எழுதினேன், அதை அழித்தால் தடம் விட்டுப் போகும். தடம்கூட இல்லை மகளே, விரலால் தடவிப் பார்த்தேன், எழுதவே எழுதாத கதவு மாதிரி வழுவழு என்று இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மெத்தை விற்றே நரைத்தவள் நான், ஆள் எழுந்துபோன மெத்தை எவ்வளவு நேரத்தில் நிமிரும் என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வேன். ஆறு வருஷமாக யாரும் உட்காராத அந்த இருக்கை, இப்போதுதான் யாரோ உட்கார்ந்ததுபோல நடுவில் பள்ளமாக இருக்கிறது, வாரக்கணக்காகியும் நிமிரவில்லை.

எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது, நேரமும் கிடையாது. ஆனால் மூன்றாவது காலை அந்தக் கதவின் முன்னால் நின்றபோது வேறொரு கதவு ஞாபகம் வந்தது. நீ புறப்பட்ட அன்று, அப்பா உன் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார், எதையாவது மறந்துவிட்டாயோ என்று நான் உன் அறைக்குள் போய் அலமாரி, இழுப்பறை, கட்டிலுக்கு அடியில் எல்லாம் கையை விட்டுத் துழாவிவிட்டு, வெளியே வந்து கதவில் ஒரு தட்டு தட்டி, காலி என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்து வாய்ப்பழக்கம், சத்தமாகவே வந்துவிட்டது. நீ படியில் நின்றாய், திரும்பிப் பார்த்தாய், இறங்கிப் போய்விட்டாய். வாய் தவறிவிட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கார் கிளம்பட்டும், போனில் சொல்லலாம், அடுத்த லீவுக்கு வருவாளே, நேரில் சொல்லலாம் என்று தள்ளினேன். ஆறு வருஷமாக உனக்கு லீவே கிடைக்கவில்லை. நானும் அந்த அறையில் ஸ்டாக் நாற்காலிகளை அடுக்கிவிட்டேன், இடம் சும்மா கிடக்கிறதே என்று ஊருக்குச் சொன்னேன், உண்மையில் வெறும் அறையைப் பார்க்கத் திராணி இல்லை. வியாபாரத்தில் ஒரு சாமானைத் தப்பாக மதிப்பு போட்டால் அன்றே ஆள் அனுப்பித் திருத்துகிறவள், இதில் மட்டும் கோட்டைவிட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுதிப் பழக்கமில்லை, எழுதிவிட்டேன், அடிக்காமல் விடுகிறேன்.

இப்போது நீ எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், உண்மையாக. விபத்து நடந்த வார ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசினாய். அதற்குள் உனக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. உன் சட்டைக் கழுத்து விலகியபோது இடது தோளிலிருந்து குறுக்காக ஒரு சிவந்த கோடு தெரிந்தது, இரண்டு விரல் அகலம், நடுவில் கன்றியிருந்தது. என்ன அது என்றேன், பை வார் அழுத்தியது என்றாய், உடனே லைட்டை அணைத்துவிட்டாய். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நீ வலது தோளில் மட்டும்தானே பை மாட்டுவாய், கிழிந்த சட்டையில் எத்தனை வலது தோளைத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை, எங்களுக்குப் பதினோரு மணி ஆனபோது நீ எங்கே இருந்தாய்? தூங்கிக்கொண்டிருந்தாயா? என்ன கனவு கண்டாய்?

நான் முடிவு செய்துவிட்டேன். இன்சூரன்ஸ் காகிதத்தில் ஒரு வரி இருக்கிறது, வண்டியில் நம்முடையது எதுவும் இல்லை, முழுக்கக் காலி என்று கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதிரிக் காகிதம் ஆயிரம் பார்த்தவளுக்கு அந்த ஒரு வரியில் கை ஓடவில்லை. கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரம் அதை அப்பளமாக நசுக்கிவிடுவார்கள், அந்த இருக்கையும் சேர்த்துத்தான். கார் நமக்கே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன், காதில் விழாத மாதிரி பேப்பர் படித்தார், பேப்பர் தலைகீழாக இருந்தது. ரேடியோ மட்டும் வாய் திறந்து, "முதல்முறையா நஷ்டத்துக்கு வாங்குறீங்கம்மா" என்றார். போய் வேலையைப் பாருங்க என்றேன். பிறகு நானே சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், பின் கதவில், காலி இல்லை என்று எழுதினேன். மாடியில் உன் அறையில் இருந்த நாற்காலிகளை எல்லாம் கீழே இறக்கிவிட்டு அந்தக் கதவிலும் அதையே எழுதினேன். என் கையெழுத்துதான் தெரியுமே, கோணலாகத்தான் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, வலி இருந்தால் வைராக்கியம் பார்க்காமல் டாக்டரிடம் போ. யாருடைய வண்டியில் ஏறினாலும், பின்னால் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டுக்கொள், இது அப்பா சொல்லச் சொன்னது. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் அண்டாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். லீவு கேட்டுப் பார், கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றாவது எழுது.

உன்னை வழியனுப்பத் தெரியாத,
அம்மா

பி.கு.: நேற்று ஒட்டாமல் வைத்திருந்தேன், அதனால் இதையும் சேர்க்கிறேன். இன்று காலை ஷெட்டைத் திறந்தேன். சாவி என் இடுப்பிலேயேதான் இருந்தது. கதவில் எழுதினது ஒரு புள்ளிகூட அழியாமல் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பெல்ட், சர்வேயர் எவ்வளவு பார்த்தும் திறக்காத அந்தப் பூட்டு, தானாக அவிழ்ந்து, வார் சுருண்டு தன் இடத்துக்குப் போயிருக்கிறது. மெத்தையும் நிமிர்ந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இறங்கிட்டா" என்றார், போய் உன் அறை ஜன்னலைத் திறந்து வைத்தார். வீட்டுக்குக் கிளம்பிவிட்டாயா கண்ணே?