மேற்கு பார்த்த கோழிக்கூடு

அளவற்ற அருளாளனைப் புகழ்ந்து தொடங்குகிறேன்.

கடலோர ஊரின் ஈரத்தில், தையல் இயந்திரத்தின் முன் குனிந்து நாள் கழிக்கும் என் மகள் இனோபத்துக்கு, உன் அத்தா இஸாமுத்தீன் ஸலாமும் துஆவும் கூறி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். பசு கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. அக்ரூட் காட்டில் பனி உருகிவிட்டது. மேல் சரிவில் மட்டும் சிறிது வெள்ளை மிச்சம் இருக்கிறது. பள்ளிவாசலில் எனக்குப் பின் வந்த இளைய இமாம் நன்றாகவே ஓதுகிறார். அவர் அவசரப்படும் இடங்களில் மட்டும் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

இவற்றைத் தொலைபேசியில் சொல்லக் கூடாதா என்று நீ கேட்பாய். மேட்டில் ஏறினால்தான் இணைப்புக் கிடைக்கிறது. மேட்டுக்கு உன் தாயார் என் பின்னாலேயே வந்துவிடுகிறாள். இனி எழுதப்போவது அவள் காதில் விழக் கூடாதது. ஆகவே பக்கத்து வீட்டு மமராசூலின் மருமகன் உன் ஊருக்கு வேலைக்குத் திரும்பும்போது அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சென்ற வசந்தத்தில் மலை சேறாக இறங்கிய மாலையில், கோழிகளைத் திறந்துவிட உன் தம்பி எர்காஷ் ஓடைக்கரைக்கு ஓடினான். கோழிகள் நனைந்து நடுங்கியபடி வீட்டுக்கு ஏறி வந்தன. அவன் வரவில்லை. பாலத்துக்கு அப்பால் வரை தேடியும் அவன் கட்டிய கூட்டின் பலகைகள்தான் கிடைத்தன. இது நீ அறிந்தது. நீ வந்து அழுது திரும்பிய பிறகு நடந்ததை நீ அறியமாட்டாய். உன் தாயார் அந்தப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து, அதே கரையில், அதே இடத்தில் கூட்டை மறுபடி எழுப்பிக்கொண்டாள். மழை பெய்யும் மாலைதோறும் அங்கே போய் உட்காருகிறாள்.

இப்போது அந்தக் கரையில் விரிசல் கண்டிருக்கிறது. என் கை உள்ளே போகும் அகலம். வசந்த மழை முழுமூச்சாகத் தொடங்குவதற்குள் கோழிகளை மேலே கொண்டுவர வேண்டும். கோழிகள் வந்தால்தான் உன் தாயார் வருவாள். என் கவலை முழுவதும் இதுதான், வேறொன்றும் இல்லை.

அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "கோழி மேல வந்துட்டா அவன் எங்கன்னு வந்து தேடுவான், எர்காஷ் அத்தா? அவனுக்கு இந்த எடந்தான் தெரியும்" என்றாள். போனவர்கள் திரும்புவதில்லை என்பதை மார்க்கச் சான்றுகளோடு எடுத்துரைத்தேன். "உங்க கிதாபெல்லாம் எனக்கும் தெரியும். கோழிக்குத் தெரியுமா, கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சோளத்தைக் கையில் அள்ளிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் சொன்னதன் பொருளை அன்று மாலையே கண்டேன். தூறல் விழுந்தது. கூட்டின் குறுக்குக்கழியில் ஏறி அமர்ந்திருந்த கோழிகள் ஒவ்வொன்றாக இறங்கி, ஓடைப் பக்கத்துக் கம்பி வலையோரம் வரிசையாக வந்து நின்றன. தொண்டைக்குள் மெல்ல உருட்டும் அந்த ஒலி உனக்கு நினைவிருக்கும். அவன் தகர டப்பாவைத் தட்டி "தூ-தூ-தூ" என்று கூப்பிடும்போது மட்டும் எழுப்புமே, அதே ஒலி. தீனி வேளை என்று எனக்கு நானே விளக்கம் கூறிக்கொண்டேன். உன் தாயாரின் மடியில் சோளம் இருந்தது. ஒரு கோழிகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

நீ குடியிருக்கும் வீட்டுக்காரக் கிழவி மழையிலும் கோழி வளர்ப்பதாகச் சொன்னாயே, அந்தக் கூட்டைப் பார்த்து எனக்கு ஒரு படம் வரைந்து அனுப்பு.

உன் உணவிலும் உறக்கத்திலும் இறைவன் நிறைவு தருவானாக.

துஆவுடன்,
அத்தா

*

கருணையுடையோனின் பெயரால்.

மகளே, உன் படம் வந்து சேர்ந்தது. ஓரத்தில் கோழி போலக் கிறுக்கியிருப்பது நீ என்று உன் தாயார் சொல்கிறாள். அவள் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஆகவே நானும் ஆமென்றேன்.

மழை ஊரில் கூட்டைப் பொத்திப் பொத்தி அடைப்பதே பெருந்தவறு என்று எழுதியிருந்தாய். உண்மை. நான் இடுக்கெல்லாம் கம்பளி திணித்து, களிமண் பூச நினைத்திருந்தேன். குளிரைக் கோழி இறகால் தாங்கிக்கொள்ளும், உள்ளே தேங்கும் ஈரமூச்சைத்தான் தாங்காது என்ற உன் சொல்லை மமராசூலுக்குப் படித்துக் காட்டினேன். "பொண்ணு தையல் படிக்கப் போச்சா, கோழி படிக்கப் போச்சா?" என்றான்.

வீட்டுக்கு மேலே ஆப்பிள் மரத்தடியில் மேட்டுநிலம் தேர்ந்தோம். நான்கு மூலையிலும் கல் அடுக்கி, தரைப்பலகையை முழங்கால் உயரத்தில் நிறுத்தினோம். அடியில் காற்று ஓடும், நீரும் தேங்காது. கூரையை ஒரே சாய்ப்பாக வேய்ந்து, இறவாரத்தை முழ நீளத்துக்கும் மேலாக வெளியே விட்டோம். காற்றுப்போக்கி கூரைக்குச் சற்றுக் கீழே, கோழியின் தலைக்கு மேலே. இதுவரை எல்லாம் உன் படத்தின்படியே.

கதவை மட்டும் நான் மேற்கே வைத்தேன். நம் வீட்டு வாசல், பள்ளிவாசல், அடக்கத்தலத்தின் வரிசைகள், எல்லாம் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்திருக்கையில் கோழிக்கூடு மட்டும் ஏன் முதுகு காட்ட வேண்டும் என்றேன். மமராசூல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஹஸ்ரத், சேவலு பாங்கு சொல்றது பத்தாதா? பொட்டைங்களையும் வரிசை கட்டி நிக்க வைக்கப் போறீங்களா? இமாம் யாரு, அந்தக் கொண்டை சரிஞ்சதா?" என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை. காற்றடிக்கும் பக்கம் கதவு வேண்டாம் என்று நீ அடிக்கோடிட்டு எழுதியிருந்ததை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நம் மலைக்கு மழையும் மேற்கிலிருந்துதான் வருகிறது. உன் தாயார் அரைமனதாய் விட்டுக்கொடுக்க, கோழிகளைப் புதுக்கூட்டில் விட்ட மூன்றாம் நாள் பலத்துப் பெய்தது. கதவு வழியே சாரல் நேரே உள்ளே அடித்தது. பரப்பியிருந்த உமியும் சருகும் நனைந்து பிசினாயின. காலையில் திறந்தபோது கண்ணைக் கரிக்கும் நெடி. இரண்டு கோழிகள் மூலையில் விறைத்துக் கிடந்தன. மற்றவற்றுக்கு மூச்சில் கறகறப்பு.

உன் தாயார் உயிரோடிருந்தவற்றைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்கு இறங்கினாள். வழியில் நின்று, "அவன் கட்டின எடத்துல ஒண்ணுகூடச் சாகல" என்றாள். பிறகு புதுக்கூட்டின் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "கிப்லாவாம் கிப்லா. அந்தக் கதவு வழியாப் பாத்தா எனக்கு ஓடைதான் தெரியுது, எர்காஷ் அத்தா" என்றாள்.

 மழையை நண்பனின் தூது என்று பாடிய பழைய கவிகளை எத்தனையோ பேருக்குப் பாடம் சொன்னவன் நான். அன்று ஒரு வரியும் நாவுக்கு வரவில்லை.

விரிசலில் இப்போது என் கை முழங்கை வரை இறங்குகிறது. புதுக்கூட்டைப் பிரித்துக் கதவைத் திருப்பப் போகிறேன். எங்களுக்காகக் கையேந்து.

உன் கைகளுக்கு இறைவன் வலுவும், உன் உள்ளத்துக்கு அமைதியும் அருள்வானாக.

அத்தா

*

வாழ்வையும் மரணத்தையும் படைத்தவனின் பெயரால்.

இனோபத், என் கண்ணே, முதலில் நல்ல செய்தி. கோழிகள் மேலே வந்துவிட்டன. உன் தாயாரும் வந்துவிட்டாள்.

கதவு இப்போது கிழக்கே, நம் அடுப்படியைப் பார்த்திருக்கிறது. மேற்குச் சுவரில் ஒரு துளையும் இல்லை. கூட்டுக்கு மேற்புறம் பிறைவடிவில் வாய்க்கால் வெட்டினோம். சரிவிலிருந்து வரும் நீர் இரு பக்கமும் பிரிந்து போய்விடுகிறது. கோழிகள் உலவும் அடைப்புக்கும் கூரை போட்டாயிற்று. தரையில் முதலில் சரளை, அதன்மேல் ஆற்று மணல். கம்பி வலையை மண்ணுக்குள்ளும் புதைத்ததால் நரிக்கும் வழியில்லை. தீனித்தொட்டி கூரையில் தொங்குகிறது. நேற்றெல்லாம் கொட்டியது, கைவைத்துப் பார்த்தேன், உள்ளே மணல் பொலபொலவென்று உலர்ந்திருந்தது. கறகறப்பும் நின்றுவிட்டது. மமராசூல், "ஹஸ்ரத், இதுல நானே வந்து குடியிருக்கலாம், பொண்டாட்டி தொல்லை இருக்காது" என்றான்.

உன் தாயார் எப்படி இணங்கினாள் என்பதையும் நீ அறிய வேண்டும். கரையை விட்டு வரச் சொல்லி அவள் முன் மண்டியிடாத குறையாகக் கேட்டேன். "நான் மேல வந்துட்டா, அவன் வந்தா வழி யாரு சொல்றது?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்த சான்றுகளெல்லாம் உதிர்ந்துபோயின. நான் இருந்து சொல்கிறேன் என்றேன். சத்தியமா என்றாள். சத்தியம் என்றேன். உடனே எழுந்து கோழிகளைக் கூடையில் எடுக்கத் தொடங்கினாள்.

சத்தியம் செய்தவன் அதைக் காக்க வேண்டும். ஆகவே மழைநாள் மாலைகளில் நான் போய் உட்காருகிறேன். பழைய கூட்டின் பலகையொன்று அங்கே கிடக்கிறது. ஆசனத்துக்கு அது போதும்.

சென்ற வியாழன் உன் தாயார் எண்ணெய் காய்ச்சினாள். வியாழன் மாலை மாவைப் பொரித்து, அந்த மணத்தை இறந்தவர்களுக்கு அனுப்பும் வழக்கத்தை அவள் ஓராண்டாக விட்டிருந்தாள். பொரித்தால் பெயர் சொல்லி ஓத வேண்டும். யார் பெயரைச் சேர்ப்பது, யார் பெயரை விடுவது என்ற பயம். அன்று அவளாகவே பொரித்துத் தட்டில் அடுக்கி என் முன் வைத்தாள். "ஓதுங்க. அவன் பேரையும் சொல்லிடுங்க. எனக்கு மனசு ஆறிடுச்சு. கோழிங்க இப்ப மழை வந்தாலும் தூங்குது, பாத்தீங்களா?" என்றாள்.

உடல் கிடைக்காதவனுக்கு ஜனாஸாத் தொழுகை நம் வழியில் இல்லை. பெயர் சொல்லி ஓதுவது ஒன்றே அவனுக்கு நாம் செய்யக்கூடியது. இந்த ஊரில் எத்தனை வீடுகளில் எத்தனை பெயர்களைச் சொல்லியிருக்கிறேன்! என் தந்தை, என் தாய், உன் பெரியப்பா என்று வரிசையாக வந்தேன். அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. உன் தாயார் காத்திருந்தாள். தட்டிலிருந்த பொரித்த மாவு ஆறிப்போயிற்று. வெளியே தூறத் தொடங்கியதும் எழுந்து இறங்கிவிட்டேன்.

கப்பலில் ஏற மறுத்த மகனைப் பிரளயத்தில் பறிகொடுத்த அந்தத் தீர்க்கதரிசியின் கதையை எத்தனை வெள்ளிக்கிழமைகளில் விரித்துரைத்திருப்பேன்! அலை நடுவே வந்துவிட்டது, அதற்குமேல் கூப்பிடுவது தகாது என்று எத்தனை தெளிவாகச் சொல்வேன்! மகளே, அந்தக் கரையில் இப்போது கோழி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மழையின் இரைச்சலுக்கு அடியில், ஓடையின் அக்கரையிலிருந்து, தகர டப்பாவைத் தட்டும் ஒலி கேட்கிறது. "தூ-தூ-தூ" என்ற அழைப்பும் கேட்கிறது. கூப்பிடக் கோழி இல்லாத இடத்தில் அவன் யாரைக் கூப்பிடுகிறான்? இதற்கு விடை தெரிந்துகொள்ளாமல் நான் எப்படி ஓத முடியும்?

விரிசல் பலகைக்குக் கீழே வந்துவிட்டது. நான் கவனமாகவே இருக்கிறேன்; நீ கவலைப்படாதே. மேகம் கறுத்திருக்கிறது. இதை உன் தாயாரிடம் கொடுத்துவிட்டு நான் இறங்க வேண்டும்.

உன்னையும் உன் தம்பியையும் எல்லா மழையிலிருந்தும் இறைவன் காத்து, வீடு சேர்ப்பானாக.

அத்தா இஸாமுத்தீன்

இனோபத், அம்மா எழுதுறேன். கவர ஒட்டச் சொல்லிக் குடுத்தாரு, பிரிச்சுப் படிச்சுட்டேன். மழை புடிச்சிடுச்சு, மேட்டுலயும் போன் கிடைக்கல. மேட்டுல நின்னு கத்திக் கத்தித் தொண்டை போச்சு, திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறாரு. மமராசூலக் கயிறு எடுத்துட்டு வரச் சொல்லிருக்கேன். அந்தச் சத்தியத்த நான் திருப்பிக் குடுத்துட்டேன், வாங்கிக்க மாட்டேங்குறாரு. தச்சது தைக்காதது எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டுக் கிளம்பு. ஒரு புள்ள கூப்பிடுற சத்தந்தான் அவருக்குக் கேக்குது. நீயும் வந்து இந்தப் பக்கமா நின்னு கூப்புடு.